மாட்டுக்கு ஆகிற புல்

ஜனவரி 9

மூன்று வாரமாக மழை. ஓடைப் பக்கத்து மேய்ச்சலில் செட்டேரியா புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. இன்று டாஃபியை அதில் திறந்துவிட்டேன். மகள் ப்ரைடி சுரங்க வேலைக்கு மேற்கே போனபோது என்னிடம் விட்டுப்போன குதிரை. இரண்டு வருஷ வறட்சியில் விலா தெரிய நின்றவள், தலை நிமிராமல் மேய்ந்தாள். என் வீட்டுக்காரர் ராய் உயிரோடு இருந்தால் பார்த்துச் சிரித்திருப்பார். நாற்பது வருஷம் எங்கள் மாடுகள் கொழுத்த புல் அது.

ஜனவரி 30

ப்ரைடி போன் செய்தாள். "நான் வச்சுட்டுப் போன தாதுப்பொடியக் குடுக்கிறியாம்மா?"

குடுக்கிறேன் என்றேன். பொய். அதைக் கலந்தால் டாஃபி மூக்கைச் சுருக்கிக்கொண்டு போய்விடுகிறாள். வெறும் சுண்ணாம்பு மாதிரி ஒரு தூள், அதற்கு வைட்டமின், தாது என்று பெரிய பெயர். மூட்டையைக் கட்டிக் கொட்டகை மூலையில் போட்டாயிற்று. தினமும் ஒரு டப்பா கோதுமைத் தவிட்டில் வெல்லப்பாகு ஊற்றிப் பிசைந்து வைக்கிறேன். வாளியை நக்கியே துடைத்துவிடுகிறாள். தனக்கு எது நல்லது என்று அவளுக்குத் தெரியாதா?

பிப்ரவரி 17

டாஃபி உடம்பு மினுமினுக்கிறது.

மார்ச் 12

நொண்டுகிறாள். நேற்று முன்னங்கால், இன்று பின்னங்கால். பக்கத்துப் பண்ணை மெர்ல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "குளம்புல கல்லு ஏறியிருக்கும். ராய் நொண்டினப்பகூட நீ இப்படிக் குனிஞ்சு பாக்கல" என்றாள். சிரித்தேன். குளம்பில் ஒன்றும் இல்லை. தெம்பு வரட்டும் என்று தவிட்டை இரண்டு டப்பாவாக்கினேன்.

ஏப்ரல் 20

முகம் வீங்கியிருக்கிறது. கண்ணுக்குக் கீழே, இரண்டு பக்கமும், கல் மாதிரி. பல் கோளாறா? மெல்லும்போது பாதி கீழே விழுகிறது. ப்ரைடியிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 22

கால்நடை மருத்துவர் பெலிண்டா வந்தார். முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எந்தப் புல்லுல நிக்கிறா?" என்றார். காட்டினேன்.

"மாட்ட இது ஒண்ணும் பண்ணாது. இதுல இருக்கிற ஒரு வகை உப்பு மாட்டோட முதல் வயித்துலயே கரைஞ்சு போயிடும். குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. அந்த உப்பு கால்சியத்தப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேரவிடாது. உடம்பு என்ன பண்ணும், எலும்புலேர்ந்து எடுத்துக்கும். அதான் நொண்டுறா. எலும்பு கரைஞ்ச இடத்துல நாரா சதை வளரும், அதான் முகம்."

"தவிடு குடுக்கிறேனே" என்றேன்.

தவிட்டில் பாஸ்பரஸ் அதிகமாம். மிச்சமிருக்கிற கால்சியத்தையும் அது சேரவிடாதாம். "சுண்ணாம்புச் சத்துள்ள பொடி ஏதாவது குடுத்தீங்களா?"

இல்லை. இல்லை — நொண்டுறாளே, நொண்டுறாளேன்னு என் கையாலயே பிசைஞ்சு பிசைஞ்சு வச்சேனே. நாற்பது வருஷம் மாடு வளத்த திமிரு. வேற என்ன?

மே 3

டாஃபியை மேட்டு நிலத்துக்கு மாற்றிவிட்டேன். தவிடு நிறுத்தம். குதிரைமசால் தழை, காய்ந்த புல், பொடி. வெல்லப்பாகில் குழைத்தால் பொடியைத் தின்கிறாள். ஜனவரியிலேயே எனக்கு இது தோன்றியிருக்கலாம். ஒரு வருஷம் ஆகும், பிழைத்தாலும் பிழைப்பாள் என்கிறார் பெலிண்டா.

மே 26

காலையில் டாஃபி படுத்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தபோது பின்னங்கால் முறிந்தது. சத்தம் கேட்டது. பதினோரு மணிக்குப் பெலிண்டா கடைசி ஊசியைப் போட்டார். தலை என் மடியில் இருந்தது.

ப்ரைடியிடம், விழுந்து கால் முறிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அழுதாள். பிறகு, "நீ அவள எப்படிப் பாத்துக்கிட்ட. உன்ன நெனச்சாத்தாம்மா கஷ்டமா இருக்கு" என்றாள்.

மே 27

சாப்பிடவில்லை.

ஜூன் 18

ப்ரைடி லீவில் வந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன்.

"இன்னொரு குதிரை பாத்து வச்சிருக்கேம்மா. நாலு வயசு. உன்கிட்டயே விடறேன். உன்ன மாதிரி வேற யாரு பாத்துப்பா?"

சும்மா இருந்திருக்கலாம். தலையை ஆட்டியிருந்தால் போதும். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். புல், தவிடு, மூலையில் கட்டிப்போட்ட மூட்டை, போனில் சொன்ன பொய்.

அவள் டீயைக் குடிக்கவில்லை. "ஒரே ஒரு விஷயந்தானேம்மா கேட்டேன்" என்றாள்.

கத்தியிருந்தால் தேவலை. ஒரு வாரம் இருப்பதாக வந்தவள் சாயங்காலமே கிளம்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 9

புதுக் குதிரை வந்துவிட்டது. கரும்பழுப்பு நிறம். மெர்ல் பண்ணையில் நிற்கிறது. ப்ரைடி அங்கேதான் விட்டிருக்கிறாள்.

மெர்ல் வேலிக்கு வந்தாள். "எனக்கே சங்கடமா இருக்கு. எந்த வேளைக்கு என்ன வைக்கணும்னு எல்லாம் எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கா."

"எழுதியிருக்கிறபடியே வை" என்றேன்.

மெர்ல் போன பிறகு குதிரை வேலியோரம் வந்து என் பக்கம் தலையை நீட்டியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.