யார் அந்தப் பியேந்து?

அன்புள்ள இஞ்சேருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. எழுதவும் கை வரவில்லை. வருட நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று மகள் கேட்டாள். நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சனம் வாசித்தால் வாசிக்கட்டும்.

மலருக்குப் படம் தேடி உங்கள் டேப்லெட்டைத் திறந்தோம். பதினொரு ரஷ்யப் பாட்டுகள் இருந்தன. பதினொன்றிலும் ஒரே பெண்குரல். நீங்கள் மொஸ்கோவில் படித்த காலத்து டிஸ்கோ மெட்டு, பின்னால் பழைய சிந்தசைசர். வரிக்கு வரி அவள் மூச்சை இழுத்து விடுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆர் பிள்ளை இவள்?"

"ஒருத்தரும் இல்லை அம்மா, ஏஐ. என்ன மாதிரிப் பாட்டு வேணுமெண்டு எழுதிக் குடுத்தால் மெஷினே பாடும்."

"மெஷினுக்கு என்னத்துக்கு மூச்சு?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்திய அந்த ஆறு வருடங்களைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் குளிரும் உருளைக்கிழங்கும்தானே. மிச்சத்தை யாரிடம் கேட்பது?

மூன்றாம் மாடிக் கலீனாவிடம் போனோம். லிஃப்டில் உங்களோடு மட்டும் ரஷ்ய மொழியில் கதைத்துச் சிரிப்பாளே, அவளேதான். அவள் மேலும் எனக்கு ஒரு கண் இருந்தது உங்களுக்குத் தெரியும். பாட்டைக் கேட்டு அவள் பிரெஞ்சில் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள்.

"பியேந்து எண்டு ஒரு பொம்பிளையைக் கூப்பிட்டுப் பாடுதாம். பியேந்து, காலில சப்பாத்தைப் போடு, ஆட வா எண்டு. பதினொண்டிலயும் அவள்தானாம். ரஷ்யப் பெயர் மாதிரி இல்லையாம்."

மூன்று நாள் உங்கள் படத்துக்கு விளக்கு வைக்கவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன்.

பிறகுதான், ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே நீங்கள் தமிழில் எழுதிக் கொடுத்ததை மகள் கண்டுபிடித்தாள். ரஷ்யனில் எழுதுவது மறந்துபோயிருக்க வேண்டும். "மொஸ்கோ டிஸ்கோ மாதிரி. மனுசியை ஆடக் கூப்பிடுற பாட்டு. எப்ப கேட்டாலும் பேந்து, பேந்து எண்டுதான் சொல்லுவாள்."

பிறகு பார்க்கலாம் என்பதற்கு நாங்கள் சொல்கிற பேந்து. அதை அந்த மெஷின் என் பெயர் என்று எடுத்து, ரஷ்ய உச்சரிப்பில் பியேந்து ஆக்கிவிட்டது. பிழை என்று உங்களுக்கு விளங்காமலா இருந்திருக்கும்? ஏன் திருத்தவில்லை?

ஹோல் நடுவில் நின்று கையை நீட்டுவீர்கள். சோறு அடுப்பில் என்பேன், முழங்கால் நோகிறது என்பேன். உண்மையில் எனக்கு வெட்கம். அதைச் சொல்லியிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள், நானும் ஒருநாள் எழும்பியிருப்பேன். அழுகையாக வருகிறது.

சந்தேகம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு ஆடப் பழக்கியது யார்? அந்தக் குரலை எவளை நினைத்துத் தெரிந்தெடுத்தீர்கள்? இரண்டையும் நேரில் கேட்பேன்.

திவசத்துக்கு வந்த சனம் போனதும் கதவைச் சாத்திவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பதினொரு பாட்டுக்கும் ஆடுவேன். தனியத்தான் ஆட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனுசி,
பியேந்து