வரைபடத்தில் விட்டுப்போன கேள்வி

வெள்ளைப் பலகை மார்க்கரின் மூடியைத் திறந்தாலே நீ வந்துவிடுகிறாய். இன்று காலையும் அப்படித்தான். ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கூட்ட அறையில், அந்த ஸ்பிரிட் மணம் மூக்கில் ஏறியதும், எதையும் வரையாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். களைப்பு என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள்.

வெள்ளவத்தையிலிருந்து நானும் கொட்டாஞ்சேனையிலிருந்து நீயும் ஒரே நாளில் அந்த மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்தோம். ஒரு விண்ணப்பம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று படமாக வரைவதுதான் வேலை. நாம் வரைந்தபடியே கணினி அதை நடத்தும். வட்டம் என்றால் தொடக்கம், சாய்சதுரம் என்றால் கேள்வி, தடித்த வட்டம் என்றால் முடிவு. உலகத்தில் எங்கே திறந்தாலும் அதற்கு ஒரே பொருள். அந்தச் சர்வதேச நியமம் எங்களுக்கெல்லாம் கொட்டாவி வரவழைக்கும் விதிப் புத்தகம். நீயோ வேதம் படிப்பதுபோலப் படித்தாய்.

அதற்குக் காரணம் இருந்தது. துறைமுகத்தில் கை நசுங்கிய உன் அப்பாவின் நட்டஈட்டுக் கோவை, செல்வாக்கு உள்ளவர்களின் கோவைகளுக்கு அடியில் வருடக்கணக்காகக் கிடந்தது. அதனால்தான், ஒரு காப்புறுதி நிறுவனத்துக்குச் சத்திரசிகிச்சை அனுமதி முறையை வரைந்துகொடுத்தபோது, "உள்ளுக்கு வர ஒரே ஒரு வட்டம்தான் இருக்கணும். பின்கதவு வெச்சா அது வழியாத்தான் எல்லாரும் வருவாங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாய். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். முதலில் வந்தது முதலில். அமைச்சரின் மச்சான் என்றாலும் வரிசைதான்.

நான் உன்னைச் சீண்டுவேன். "செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு அந்தோனியாரிட்ட போறியே, அது சிபாரிசு இல்லையோ?" நீ சிரித்துக்கொண்டே சொல்வாய்: "அவர் வாற எல்லாருக்காகவும்தான் கதைக்கிறார்."

பிறகு உன் இதயத்து வால்வு பழுதானது. மாற்றவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் மருத்துவர். அரச ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். தனியார் ஆஸ்பத்திரியோ காப்புறுதியின் அனுமதி இல்லாமல் தொடாது. எங்கள் அலுவலகத்தின் காப்புறுதி நாம் வரைந்துகொடுத்த அதே நிறுவனத்தில் இருந்தது. உன் விண்ணப்பம் நீ வரைந்த வட்டத்தினூடாக உள்ளே போய், அவர்களுடைய மருத்துவரின் பார்வைக்காக வரிசையில் நின்றது. நடுவில் சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையும் வந்தது.

அந்தக் காப்புறுதி நிறுவனத்தின் மேலாளரை எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஒரு போன் கோல் எடுத்தாக் காணும். நான் கதைக்கிறன்" என்றேன்.

"எனக்கு முன்னால நிக்கிறவங்களுக்கு?"

"அவையளைப் பற்றி எனக்கென்ன? உனக்கு மூச்சு விடக் கஷ்டமா இருக்கு."

"நீ கதைச்சு வாற அனுமதியில நான் ஒப்பரேஷனுக்குப் போகமாட்டேன். அப்பாவுக்குச் செஞ்சதை நான் இன்னொருத்தருக்குச் செய்யமாட்டேன்."

உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். நான் கோல் எடுக்கவில்லை. அடுத்த நாள், கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தபடி நீயே கதையைத் தொடங்கினாய். "நாங்க ஒரு கேள்வியை விட்டுட்டோம். தொகை எவ்வளவுன்னு கேட்டோம், பத்திரம் செல்லுமான்னு கேட்டோம். இந்த ஆளுக்குக் காத்திருக்க நேரம் இருக்கான்னு டொக்டர்கிட்ட கேக்கவே இல்ல. எல்லாருக்கும் கேட்டிருக்கணும். கேட்டிருந்தா அது பின்கதவு இல்ல."

"அப்ப இப்பவாவது விடு, நான் சொல்லுறன்" என்றேன்.

"முறையை மாத்தச் சொல்லு. எனக்காகச் சொல்லாத."

மாற்றச் சொல்லி எழுதினேன். விடுமுறை முடிந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. அனுமதி கிடைத்த குறுஞ்செய்தி உன் கைபேசிக்கு வந்தபோது, அது உன் தங்கையின் கையில் இருந்தது. நாங்கள் சவப்பெட்டி தெரிவுசெய்துகொண்டிருந்தோம். அவள் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். உன் பெயரும் வாழ்த்தும் பிழையில்லாமல் இருந்தன.

இன்று காலை நான் போனது வேறொரு நிறுவனம். சில மாதங்களுக்கு முன் அங்கே வேலை தொடங்கியபோதே நிர்வாகி, "மிஸ், பெரிய ஆக்களுக்கு ஒரு தனிப் பாதை போட்டுத் தாங்க" என்று கேட்டார். முடியாது என்றேன். தொடக்க வட்டத்துக்கு அடுத்ததாக ஒரு சாய்சதுரம் வரைந்து, அதற்குள் உன் கேள்வியை எழுதினேன். பதில் சொல்வது சிகிச்சை செய்யும் மருத்துவர். உயிருக்கு ஆபத்து என்றால் விடுமுறையிலும் விண்ணப்பம் அனுமதி கொடுக்கும் ஒருவரின் கையில் போய்ச் சேரும். ஒரு மாதம் இழுபறிப்பட்டு ஒத்துக்கொண்டார்கள்.

முறை நடைமுறைக்கு வந்த பிறகு நடந்த முதற் கூட்டம்தான் இன்று காலை நடந்தது. பேலியகொடை மீன் சந்தையில் லொறி ஓட்டும் ஒருவருக்குப் போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாளிலேயே அனுமதி போயிருக்கிறது. அவர் பிழைத்துவிட்டாராம். அறையில் கை தட்டினார்கள்.

எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். பொறாமைதான் வந்தது. முகம் தெரியாத அந்த மனிதர் வீட்டில் இருந்து சோறு சாப்பிடுகிறார், நீ கனத்தை மயானத்தில் கிடக்கிறாய் என்று நினைத்தேன். வீடு வந்த பிறகும் அந்த நினைப்பு விடவில்லை. அடுத்த மாதம் இன்னொரு நிறுவனத்துக்குப் போகிறேன். அங்கேயும் உன் கேள்வியைத்தான் முதலில் வரைவேன். நீ சொன்னது சரிதான் என்று எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உன்னோடு எனக்கு இன்னும் கோபம்தான்.