பெட்ரோல் தின்னும் மண்

மதுரை, ஆனி 1984

என் செல்லராசு அண்ணனுக்கு,

நீ போன பிறகும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் ஆய்வகக் குடுவையில் விட்ட பென்சீன் இன்று ஒரு துளி விடாமல் தீர்ந்துவிட்டது. தின்றது, நீ வேலை பார்த்த சங்கரன்கோவில் லாரி ஷெட் மண்ணிலிருந்து நான் எடுத்து வளர்த்த பாக்டீரியா. பேராசிரியை பாராட்டினார். நான் கட்டிடத்துக்குப் பின்னால் போய் அழுதேன்.

பன்னிரண்டு வருஷம் எஞ்சின் சாமான்களைப் பெட்ரோலில் கழுவினாய். பெட்ரோல் எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சினாய். பெட்ரோலில் உள்ள பென்சீன் எலும்புக்குள் ரத்தம் ஊறுவதையே கெடுக்கும் என்று நான் படித்தபோது, நீ பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். படித்து என்ன கிழித்தேன், சொல்?

அன்றாவது என் வாய் சும்மா இருந்ததா? "ஒன் ஷெட்டு மண்ணுல ஒரு கிருமி இருக்குண்ணே. பென்சீன அப்படியே தின்னுருது" என்றேன். உன்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னேன். நீயும் சிரித்தாய். "அப்ப எனக்கும் ஒரு சிட்டிகை கொண்டாயேன்ட்டி" என்றாய்.

அம்மா சிரிக்கவில்லை. நம் ஊருக்குத்தான் மண்ணே மருந்தாயிற்றே. காய்ச்சலோ கட்டியோ, கோவில் புற்றுமண்ணைக் கொடுத்துத்தானே நம்மை வளர்த்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய், ஷெட் மண்ணையும் புற்றுமண்ணையும் ஒன்றாய்க் குழைத்துக்கொண்டு வந்தாள். அறையெல்லாம் பெட்ரோல் வாடை.

மண்ணில் பிழைப்பது உன் ரத்தத்தில் வேலை செய்யாது, கெட வேண்டியதெல்லாம் கெட்டு முடிந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் கையைத் தடுக்க மனம் வரவில்லை. நீ நாக்கை நீட்டினாய். நம்பித்தான் நீட்டினாயா, அவளுக்காகவா?

போன வாரம் ஷெட்டுக்குப் போனேன். உன் இடத்தில் வேறொருவர் டியூபை வாயில் வைத்திருந்தார். "வேண்டாம் அண்ணாச்சி, ரத்தத்தைக் கெடுத்துரும்" என்றேன். "நீங்க படிச்சவிய, சொல்லுதிய. வண்டி நிக்குதே, நான் என்ன செய்ய?" என்றார்.

அன்று வீட்டில் சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள். "ஒன் பாட்டில்ல இருக்கது தின்னுதுல்லா? பின்ன அவனுக்கு மட்டும் ஏன் தின்னல? நான் இன்னொரு சிட்டிகை கூடக் குடுத்திருக்கணுமோ?"

உண்மையைச் சொல்லாமலே மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறேன், அண்ணே. அம்மா, நீ கொடுத்த மண் குறையவில்லை, எவ்வளவு கொடுத்தாலும் அவன் பிழைத்திருக்க மாட்டான், அது தெரிந்தும் பக்கத்தில் சும்மா நின்றவள் நான் என்று சொல்லிவிடுவேன். உன்மேல் சத்தியம். அவள் ஏசினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

உன்னோடு கூடப்பிறந்தும் கைகட்டி நின்ற தங்கச்சி,
கோமதி