கம்பளிக்குள் கோதுமை

அன்புள்ள அம்மாவுக்கு,

மில்கோ எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

இந்தத் தோப்ருஜா வட்டாரக் குளிரை மக்ரோனி செய்கிற கோதுமையில் எது தாங்கும் என்று பார்க்க, மூன்று ரகங்களைப் பெட்டிகளில் முளைக்கவைத்து நான் தங்கியிருக்கும் பண்ணை வீட்டு முற்றத்தில் வைத்திருந்தேன். மூன்று வாரம் காத்திருந்த பிறகு நேற்றிரவுதான் கடுங்குளிர் வந்தது. கொடியில் போட்ட கம்பளியைக் காணாமல் கோட்டோடு படுத்தேன். காலையில் பெட்டிகளையும் காணோம்! அடுப்படியில், என் கம்பளிக்குள் சுகமாக இருந்தன.

பண்ணைக்காரர் மனைவியிடம் கத்தினேன். "என்ன கினா அக்கா இது?"

"பச்சப்புள்ளைங்கள பனியில போட்டுட்டுத் தூங்குறியே, நீயெல்லாம் மனுசனா?"

எந்த விதை வாங்கலாம் என்று பண்ணைக்காரர் நாளை கேட்பார். மூன்றும் பச்சைப்பசேலென்று நிற்கின்றன!

கம்பளியெல்லாம் சேறு. வேறொன்று அனுப்புங்கள், நீங்கள் பின்னிய காலுறையும். தபால்காரர் மணியடிக்கிறார். நேற்றைய குளிரைத் தாங்கித் தேறிய ஒரே ரகம் உங்கள் மகன்தான்.

மில்கோ