படத்துக்குக் கீழே உங்கள் பேர்

மாமா,

இன்று காலை பீரோவில் வேறு எதையோ தேடியபோது உங்கள் பிஸ்கட் டப்பா கையில் பட்டது. மூடியைத் திறந்ததும் புளித்த காடி வாடை. நெகட்டிவ் பழசானால் அப்படித்தான் வாடை வரும் என்று சொல்வீர்கள். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. சட்டைகளில் இருந்த உங்கள் வாடை போய்விட்டது, இது மட்டும் போகவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவில் மேலாக இருப்பது சிதம்பரம் பக்கத்துக் கிள்ளை ஊர்ப் படத்தின் நெகட்டிவ். நீங்கள் வேலை பார்த்த ஸ்டுடியோ லீவு விட்ட ஒரு நாள், கடலூரிலிருந்து என்னை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனீர்களே, அன்று எடுத்தது. சுரபுன்னைக் காட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மாள் கழி ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் மரத்து வேர்கள் தண்ணீரில் கால் வைத்து நின்றன. தூறல் போட்டது. கேமரா நனையக்கூடாது என்று நான் குடை பிடித்தேன். பிலிமைக் கழுவிப் பார்த்தால், இடது மூலையில் என் குடையின் ஓரமும் பிய்ந்து தொங்குகிற அதன் கம்பியும் விழுந்திருந்தன. படத்தைக் கெடுத்துவிட்டேனே என்று நான் பதறினேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"இருந்துட்டுப் போவட்டும்டி. நீயும் வந்தேங்கறதுக்கு அடையாளம்."

அந்தப் படம் ஸ்டுடியோ வழியாகக் காலண்டர் போடுகிறவர்கள் கைக்குப் போனது. குடை இருந்த மூலையை வெட்டிவிட்டு அச்சடித்தார்கள். கீழே ஒரு நகைக்கடையின் பேரும் விலாசமும் இருந்தன. உங்கள் பேர் இல்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அது தொங்கியதைப் பார்த்து, இது நான் எடுத்த படம் என்று டீ மாஸ்டரிடம் ஆசையாகச் சொன்னீர்கள். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, கோயில் பக்கம் தலையை ஆட்டி, "ஆமா சார், அந்த கோபுரத்தயும் நீங்கதான கட்டுனீங்க" என்றார். கடையே சிரித்தது, நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் கடலூர் வந்து இறங்கும்வரை பஸ் சன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தீர்கள். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நானும்தான் உங்கள் பேரைச் சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூட நம் மகள் செல்வியை முன்னால் தள்ளிவிடுவேன். "எம் பேரச் சொன்னா வாய் வெந்துடுமா?" என்று கிண்டல் பண்ணுவீர்கள். சொல்லாமல் காத்த ஆயுசு ஒரு நெஞ்சுவலியில் போய்விட்டது.

நீங்கள் போன மறு வருஷம் செல்விக்குக் காலேஜில் கடைசி வருஷப் புராஜெக்ட் வந்தது. சுரபுன்னைக் காட்டைப் பற்றித்தான் எழுதினாள். அவள் மேடம் ஒரு சட்டம் வைத்திருந்தாராம். ஒட்டுகிற ஒவ்வொரு படத்துக்கும் கீழே அது என்ன படம், யார் எடுத்தது, எந்த ஊர், எங்கே கிடைத்தது என்று எழுத வேண்டும். பாதிப் பிள்ளைகள் நெட்டில் படத்தை எடுத்துவிட்டுத் தேடுகிற பக்கத்தின் பேரை எழுதிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்களாம். மீன் எங்கே வாங்கினாய் என்று கேட்டால், தூக்கி வந்த கூடையைக் காட்டுகிற கதைதான்.

செல்வி உங்கள் படத்தை ஒட்டினாள். அழகாக இருக்கட்டும் என்று குடை மூலையை அவளும் வெட்டிவிட்டாள். கீழே "படம் எடுத்தவர்: அப்பா" என்று போட்டாள். பெற்ற அப்பன் பேரை மொட்டையாக எப்படி எழுதுவது என்று மரியாதை. ஆனால் அந்தப் பழைய காலண்டரை, படம் பிடித்துப்போய், மேடம் தன் ரூம் சுவரிலேயே மாட்டி வைத்திருந்தார். காலண்டரை ஸ்கேன் பண்ணி ஒட்டிவிட்டு அப்பா என்று போட்டால் எப்படி ஒத்துக்கொள்வது என்று மேடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காப்பி என்று முடிவானால் புராஜெக்டும் போச்சு, டிகிரியும் தள்ளிப் போச்சு. கூடப் படிக்கிறவர்கள் வேறு, காலண்டர் கம்பெனி முதலாளி மகளே என்று கூப்பிட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து அழுதுவிட்டு, "அத எடுத்துட்டு வேற படம் போட்டுடறேம்மா" என்றாள்.

"எடுக்காத. நாளைக்கு நானும் வரேன்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. டீக்கடையிலிருந்து நீங்கள் திரும்பி வந்த முகம்தான் கண்ணில் நின்றது.

நெகட்டிவையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனேன். மேடம் நெகட்டிவைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு காலண்டரைப் பார்த்தார். "இந்த மூல காலண்டர்ல இல்லியே. இது என்னம்மா?"

"என் கொடைங்க மேடம்" என்று சொல்லி அங்கேயே விரித்துக் காட்டினேன். அந்தக் கம்பி இன்னமும் அப்படியே தொங்குகிறது. ரூமுக்குள் மழையா என்று பக்கத்து மேஜை சார் கேட்டார். மேடமும் சிரித்துவிட்டார். நல்ல மனுஷி, மாமா. செல்வியைத் தட்டிக்கொடுத்து உட்காரச் சொன்னார்.

"அப்பான்னு போட்டா யாரு அப்பான்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாதும்மா. எடுத்தவரு பேரு தெரிஞ்சாதான் அது அவரு படம். பேரச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

நான் பழக்கத்தில் செல்வியைப் பார்த்தேன். அவள் வாயெடுத்தாள். மேடம் கை காட்டி நிறுத்தினார். "நெகட்டிவ் கொண்டாந்தது அவுங்க. அவுங்களே சொல்லட்டும்."

சொன்னேன் மாமா. இனிஷியலோடு சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்றார். வராந்தாவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னேன். வாய் வேகவில்லை.

புராஜெக்டை ஒத்துக்கொண்டார்கள். செல்வி பாஸ். இந்தத் தடவை மூலையை வெட்டாமல் முழுப் படத்தையும் ஒட்டினாள். கீழே, சுரபுன்னைக் காட்டில் படகு, கிள்ளை என்றும், எடுத்தவர் என்ற இடத்தில் உங்கள் பேரும், நெகட்டிவ் குடும்பத்தாரிடம் என்றும் இருக்கிறது. ஒரு புத்தகம் காலேஜ் அலமாரியில் இருக்கிறது. நமக்கொன்று பைண்டு பண்ணி வாங்கிக்கொண்டு நேராக அந்த டீக்கடைக்குப் போனேன். மாஸ்டர் அதே ஆள். பக்கத்தைத் திறந்து, கீழே இருப்பதைக் கொஞ்சம் படியுங்கள் என்றேன். உங்கள் பேரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"யாரும்மா இவரு?"

"கோபுரம் கட்டுனவரு."

அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் படத்தை நின்று பார்த்தார். பெஞ்சில் இருந்தவரிடம் புத்தகத்தைத் திருப்பி, உங்கள் பேரை அவராகவே இன்னொரு தரம் படித்துக் காட்டினார். அந்த டீ மாதிரி ஒரு டீ நான் குடித்ததில்லை.

இப்போதெல்லாம் எந்தச் சுவரில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் கீழேதான் போகிறது. பேர் இல்லாவிட்டால் யார் எடுத்தது என்று கேட்டுவிடுகிறேன். ரேஷன் கடையில் செல்வியைத் தள்ளுவதில்லை. புருஷன் பேர் என்ன என்று கேட்டால் நானே சொல்கிறேன், வரிசையில் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி.

இப்படிக்கு,
குடை பிடித்தவள்