என் அணுக்கள், அவன் உடம்பு

4 மார்ச் 2024
சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஆய்வகத்தில் விடுப்பு சொன்னேன். தம்பி யுகேந்திரனின் லுக்கீமியா திரும்பிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் என் மஜ்ஜையைக் கொடுத்தேன். இப்போது மாத்திரைகளுக்கும் கேட்கவில்லை. இந்தமுறை என் வெள்ளை அணுக்கள். அவை அவனுக்குள் போய்ப் புற்றோடு சண்டை போடும். அவனையே தாக்கவும் கூடும் என்றார் டாக்டர். மறுக்க எனக்கு உரிமை உண்டு என்றும் சொன்னார். அந்த அறையில் அதை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

"அக்கா குடுப்பாங்க லா டாக்டர், வேற யாரு இருக்கா?" என்றாள் தம்பி மனைவி திலகவதி.

கையெழுத்துப் போட்டேன்.

11 மார்ச்
நாலு மணி நேரம், இரண்டு கையிலும் ஊசி. மூக்கு அரித்தது, சொறிய வழியில்லை. மாலையில் அவனுக்கு ஏற்றினார்கள். "சுங்கை ஊடாங் பெட்ரோல் ஏறுது" என்று சிரித்தான்.

2 ஏப்ரல்
அவன் உடம்பில் இன்னும் மாற்றம் ஒன்றுமில்லை.

14 ஏப்ரல், புத்தாண்டு
ஜாசினில் அவன் வீட்டு வாசலில் வேப்பிலை. உள்ளங்கை, காது, மார்பெல்லாம் சிவந்து கிடக்கிறான். "அம்மா வந்திருக்கா. தண்ணி ஊத்துற வரைக்கும் ஆஸ்பத்திரி பேச்சே எடுக்காதீங்க" என்றாள் திலகவதி.

அம்மை என்றால் கொப்புளம் இருக்கும். இதில் இல்லை. எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஏன்? சொன்னால், அவனை எரிப்பது நான் என்றாகும். மோர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

16 ஏப்ரல்
அவனே போன் செய்தான். "அக்கா, வயித்தால போய்க்கிட்டே இருக்கு. அம்மைக்கு இப்படி ஆகுமா?"

ஓடினேன். "அம்மை இல்ல திலகா. என்னோட அணுதான் அவன தாக்குது."

"ஞாயித்துக்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன்.

"படிச்சவங்க லா நீங்க."

அவனைக் காரில் ஏற்றி மலாக்கா ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

17 ஏப்ரல்
ஸ்டீராய்டு. அதிகம் கொடுத்தால் என் அணுக்கள் அடங்கிப் புற்று தலைதூக்கும். கொடுக்காவிட்டால் குடல் போகும். உள்ளே அவனைத் தின்பதும் நான், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் நான். எழுந்து எங்கே போவது?

30 மே
தோல் உரிகிறது. கஞ்சி இறங்குகிறது.

23 செப்டம்பர்
சோதனையில் புற்றின் சுவடு இல்லை. தாளை வாங்கி அதில் இருந்த எண்ணை இரண்டுமுறை படித்தேன்.

என் அணுக்களில் ஒரு பை உறைய வைத்து மீதி இருக்கிறதாம். நோய் மறுபடி வந்தால் பயன்படுத்தலாமா என்று டாக்டர் திலகவதியிடம் கேட்டார். ஏப்ரலிலிருந்து என் முகம் பார்க்காதவள்.

"அது அவங்களோடது டாக்டர். அவங்ககிட்ட கேளுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யாரும் குறுக்கே பேசவில்லை.