கடைசி பஸ்ஸின் பத்து நிமிடம்

அக்கா, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே, அத்தானிடம்கூட வேண்டாம், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நீயும் அத்தானும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், அதை மனசாரச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறேன். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் முந்தாநாள் தபாலில் போனது, உனக்கு முதலில் அதுதான் வரும். இங்கே எல்லாரும் நலம், அப்பாவுக்குப் புது ஆபீஸ் பிடித்துப்போய்விட்டது, குழந்தைக்குக் காதில் குளிர் படாமல் குல்லாய் போடு என்றெல்லாம் அதில் இருக்கும். குல்லாய் விஷயம் மட்டும்தான் உண்மை. மற்றதை அம்மா சொல்லும்போது அவள் குரலே சரியில்லை, நடுவில் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

உனக்குத் தெரியும், நம் ஊர் பஸ் கம்பெனி வேறு, நகரத்து பஸ் கம்பெனி வேறாக இருந்தது. பாலத்தடி ஸ்டாண்டில் ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறி இன்னொரு டிக்கெட் எடுப்போமே. இப்போது இரண்டையும் ஒரே ஆணையத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள், ஒரே டிக்கெட், ஒரே நேர அட்டவணை. நம் பக்கத்து அட்டவணையைப் புதிதாகப் போட்டுத் தரும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. இத்தனை வருஷம் டிப்போ வாசலில் விசிலை வைத்துக்கொண்டு வெயிலில் நின்ற டைம்கீப்பருக்கு மேஜையும் மின்விசிறியும் கொடுத்தார்கள், எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா. வீட்டிலும் சாப்பாடு ஏன் லேட் என்று கேட்க ஆரம்பித்தார், அதற்கு அம்மா, "உங்க ஆணையத்துல சொல்லி அடுப்புக்கும் ஒரு டைம் போட்டுக் குடுங்க" என்றாள். அப்போதெல்லாம் வீட்டில் சிரிப்பு இருந்தது.

மேல்வீட்டு மாமாதான் இன்னும் ராத்திரி கடைசி பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். நகரத்திலிருந்து வரும் கடைசி வண்டியின் விளக்கு பாலத்தின் மேல் தெரிகிற வரைக்கும் அவர் ஸ்டாண்டை விட்டு எடுக்கவே மாட்டார், நீ கல்லூரியிலிருந்து வந்த காலத்திலும் அப்படித்தானே. புதுச் சட்டப்படி அப்படி நிற்கக் கூடாது. பஸ்ஸில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டார்கள், எங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் ஆபீசுக்குத் தெரிந்துவிடும். மாமா நம் வீட்டுக்கு வந்து, "பெட்டியா அது, மாமியாரு! மூச்சு விட நின்னாலும் ஏன் நின்னேன்னு கேக்குது" என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு, "ஏன்யா, டவுன் வண்டி வந்து சேர்றதுக்குள்ளயே என்னைக் கிளம்பச் சொல்லுதே உன் அட்டவணை, நல்லாப் பாத்துப் போட்டியா" என்று கேட்டார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு தடவை லேட்டுன்னு உன் பேர் வந்தாச்சு, இனிமே என்னால காப்பாத்த முடியாது. போட்டிருக்கிற நேரத்துக்கு ஸ்டாண்டை விட்டு எடு, அவ்வளவுதான்" என்றார். நான் அதே கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன் அக்கா, ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. மாமா போகும்போது என் தலையில் தட்டி, "படி பாப்பா, படிச்சு நீயாவது எங்களுக்கு ஒழுங்கா டைம் போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அது நடந்தது. என் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவளின் அம்மா நகரத்தில் தையல் ஆலையில் வேலை பார்க்கிறார், கடைசி வண்டியில்தான் வருவார். வந்து இறங்கியபோது மாமாவின் பஸ் போய்விட்டிருந்தது, ஸ்டாண்டில் ஈ காக்கை இல்லை. வீட்டில் பிள்ளைகள் தனியாக இருக்குமே என்று பெரிய ரோட்டோரமாக நடந்தே வந்திருக்கிறார், லாரி அடித்துவிட்டது. இன்றுவரை கண் திறக்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்துக்கே வருவதில்லை, பெஞ்சில் அவள் இடம் காலியாக இருக்கிறது, யாரும் அங்கே உட்காரவில்லை.

அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. சமையலறையில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னதை நான் கேட்டேன். நம் பழைய கம்பெனியில் நேரம் என்று போட்டால் அது டிப்போவை விட்டுக் கிளம்பும் நேரமாம், அங்கிருந்து ஸ்டாண்டுக்கு வர மேலும் பத்து நிமிடம் ஆகும். ஆணையத்தில் நேரம் என்றால் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும் நேரம். அப்பா அந்தப் பத்து நிமிடத்தைக் கூட்டாமல் பழைய நேரத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார். பகலில் ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும், அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. கடைசி பஸ்ஸுக்குப் பின்னால்தான் எதுவும் இல்லையே. அம்மா, "அப்ப தப்பு நம்ம மேலதான்னு போய்ச் சொல்லிடுங்க" என்றாள். அதற்கு அப்பா, "சொன்னா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான், கேஸும் என் தலையிலதான் விழும், அப்புறம் இவளைப் படிக்க வைக்கிறது யாரு" என்றார். என்னைத்தான் சொன்னார் அக்கா.

இப்போது பெரிய அதிகாரி அப்பாவைக் கூப்பிட்டு, "அது டிப்போ நேரம்னு டிரைவர்கிட்ட வாயால சொல்லிட்டேன்னு சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றாராம், அப்பாவும் தலையாட்டிவிட்டார். மாமாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். சொன்னதைக் கேட்காமல் முன்கூட்டியே எடுத்துவிட்டார் என்று தெருவெல்லாம் பேசுகிறார்கள், டீக்கடையில் ஒருத்தன், "வீட்டுக்குப் போற அவசரம்பா அவருக்கு" என்றானாம். நேற்று மாமா நம் வாசலில் வந்து நின்றார், முகச்சவரம்கூடச் செய்யவில்லை. அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "பாப்பா, நீயும் அன்னைக்கு இங்கதானே இருந்தே, அப்பா எங்கிட்ட என்ன சொன்னாருன்னு நீயே சொல்லும்மா" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "அவ அன்னைக்கு அப்பவே தூங்கிட்டா. சின்னப் பிள்ளையை எதுக்குய்யா இதுல இழுக்கிறே" என்றார். நான் தரையைப் பார்த்தேன். மாமா படியேறிப் போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மாதக் கடைசியில் விசாரணை. மாமா என்னைச் சாட்சியாகச் சொல்லியிருக்கிறாராம். நான் உள்ளதைச் சொன்னால் அப்பா என்ன ஆவார், சொல்லாவிட்டால் மாமா என்ன ஆவார்? அப்பா கெட்டவர் இல்லை அக்கா, பயந்துபோயிருக்கிறார், அவ்வளவுதான். ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்க்கிறார். நீ சொன்னால் கேட்பார், உன் பேச்சுக்கு மட்டும்தான் இந்த வீட்டில் அடங்குவார். நான் எழுதினேன் என்று சொல்லாமல், நீயாகக் கேட்பது போல மாமாவைப் பற்றி விசாரி. அப்பாவே போய்ச் சொல்லிவிட்டால் நான் யாருக்கும் எதிராகப் பேச வேண்டியதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, குழந்தைக்கு என் முத்தம். முக்கியமாக இந்த ஞாயிற்றுக்கிழமை

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். இடுக்கில் விளக்கு வெளிச்சம் தெரிகிறது போலிருக்கிறது, "தூங்கிட்டியாம்மா" என்று கேட்கிறார். இல்லப்பா, நான் தூங்கல என்று சொல்லிவிட்டேன் அக்கா, கதவைத்